‘கையில எவ்வளவு நிக்கும்?’ பீடி சுத்தின எங்க ஆச்சி விட்டுட்டுப் போன கணக்கு நோட்டு



வழக்கமா இங்க எஸ்ஐபி, டேக்ஸ், டெர்ம் இன்ஷூரன்ஸ்னு எழுதுவேன். இன்னைக்கு எங்க ஆச்சியைப் பத்தி எழுதறேன். அம்மாவைப் பெத்தவங்க. 2024 கார்த்திகையில, 76 வயசுல இறந்துட்டாங்க. போன மாசம்தான் முதல் வருஷத் திதி முடிஞ்சது. ஒரு வருஷமா எழுதணும்னு நினைச்சு நினைச்சுத் தள்ளிப் போட்டுட்டே இருந்தேன்.

கடைசி வரைக்கும் படிங்க. இதுல பணத்தைப் பத்தியும் விஷயம் இருக்கு. அதுல ஒண்ணு, இப்ப உங்க ஃபோன்லயே சரி பண்ண வேண்டியது.

முதல் சம்பளமும் ஒரு கேள்வியும்

2016-ல எனக்குச் சென்னையில முதல் வேலை. ஆஃபர் லெட்டரோட ஊருக்குப் போனேன். ஆலங்குளம் பக்கம் ஒரு சின்ன கிராமம். அப்போ திருநெல்வேலி மாவட்டம், இப்போ தென்காசி. ஆச்சி திண்ணையில உட்கார்ந்திருந்தாங்க. சம்பளம் 22 ஆயிரம்னு பெருமையா சொன்னேன்.

"எய்யா, கையில எவ்வளவு நிக்கும்?"

பிடித்தம் எல்லாம் போக இவ்வளவுன்னு சொன்னேன். என்ன பிடித்தம்னு கேட்டாங்க. பி.எஃப்-னு ஒண்ணு இருக்கு ஆச்சின்னு நான் விளக்க ஆரம்பிச்சேன். அவங்க சிரிச்சுட்டாங்க. "பி.எஃப். பிடிக்காவளா? அப்பம் நல்ல கம்பெனிதான். விட்டுராத" அப்படின்னாங்க.

ஆச்சிக்கு பி.எஃப். இருந்ததே எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். பீடித் தொழிலுக்கு 1977-லேயே பி.எஃப். வந்துடுச்சு, வீட்டுல உட்கார்ந்து சுத்துற பெண்களுக்கும் அது உண்டு. என் பே ஸ்லிப்ல இருக்கற அதே இபிஎஃப்தான். கண்ணாடி பில்டிங்ல ஏசியில உட்கார்ந்திருந்த நானும், மடியில சொளகு வச்சுட்டு உட்கார்ந்திருந்த ஆச்சியும் ஒரே திட்டத்துல உறுப்பினர்கள். அன்னைக்கு வரைக்கும் ஆச்சிக்குப் பணத்தைப் பத்தி நான் சொல்லித் தரணும்னு நினைச்சிட்டு இருந்தேன். அன்னையோட அந்த நினைப்பு போச்சு.

நாளுக்கு ஆயிரம்

பீடி சுத்துறதைப் பார்க்காதவங்களுக்காகக் கொஞ்சம் சொல்றேன். இலை மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா மாதிரி மாநிலங்கள்ல இருந்து வரும். அதைத் தண்ணியில ஊற வச்சு, கத்தரியால அளவா வெட்டணும். புகையிலைத் தூளை வச்சுச் சுருட்டி, நுனியை மடக்கி, நூல் கட்டணும். 25 பீடி ஒரு கட்டு. ஆயிரம் பீடின்னா 40 கட்டு. கூலி ஆயிரத்துக்கு இவ்வளவுன்னு கணக்கு. சரியில்லாததைக் கடையில கழிச்சுருவாங்க, அதுக்குக் கூலி கிடையாது.

ஆச்சி காலையில சமையல் முடிச்சு, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிட்டு உட்கார்ந்தா, விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் எழுந்திருக்க மாட்டாங்க. கழுத்து வலி, முதுகு வலி, புகையிலைத் தூசியால ஓயாத இருமல். தாத்தாவுக்குக் கூலி வேலை, மழை பெஞ்சா வேலை இருக்கும், இல்லன்னா இல்ல. வீட்டுக்கு நிரந்தர வருமானம்னா அது ஆச்சியோட பீடி கார்டுதான்.

ஆச்சி பேசும்போது கூட விரல் நிக்காது. எனக்குச் சோறு ஊட்டும்போது மட்டும் கையை நல்லா கழுவிட்டு வருவாங்க. அப்பவும் புகையிலை வாசனை போகாது. இன்னைக்கும் எங்கயாவது அந்த வாசனை வந்தா எனக்குப் பசிக்குது.

இந்தச் சிக்கனத்தை ஒரு "மணி ஹேக்"னு நான் விக்க விரும்பல. அவங்க ஆசைப்பட்டுச் சிக்கனமா இருக்கல, வேற வழி இல்லாம இருந்தாங்க. ஆனா அந்த வழி இல்லாத வாழ்க்கையிலயும் மூணு பிள்ளைகளை வளர்த்து, கொஞ்சம் பணத்தையும் மிச்சம் வச்சுட்டுப் போனாங்க. அது எப்படின்னு நோட்டுல இருந்துச்சு.

கணக்கு நோட்டு

பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச பிறகு, அம்மா, மாமா, சித்தி மூணு பேரும் ஆச்சியோட தகரப் பெட்டியைத் திறந்தாங்க. நானும் இருந்தேன். ரெண்டு நூல் சேலை, தாத்தாவோட கண்ணாடி, பழைய பீடி பாஸ் புத்தகம், ஒரு பேங்க் பாஸ்புக், ஒரு போஸ்ட் ஆபீஸ் பாஸ்புக், அடியில ஒரு நீள நோட்டு.

ஆச்சி மூணாம் வகுப்பு வரைக்கும்தான் படிச்சாங்க. எழுத்து பெருசு பெருசா இருக்கும், புள்ளி பாதி இடத்துல இருக்காது. ஆனா கணக்கு தப்பாது. கடையில கட்டை எண்ணும்போது ஏமாறக் கூடாதுன்னு கத்துக்கிட்ட கணக்கு.

நோட்டுல ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியா பக்கம். எந்த வருஷம், எதுக்கு, எவ்வளவு. அதுல எல்லா வருஷமும் ஒரே மாதிரி வர்ற வரி ஒண்ணு: ஜூன் மாசம் "சங்கிலி வச்சது", தை மாசம் "சங்கிலி திருப்பினது". ரெண்டு பவுன் சங்கிலி. பள்ளிக்கூடம் திறக்கும்போது அடகுக்குப் போகும், பொங்கலுக்குள்ள வீட்டுக்கு வந்துரும். பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் தவிர வேற எதுக்கும் அது கடைக்குப் போனதா நோட்டுல இல்ல. நாம நகைக்கடன் எடுக்கறப்போ எதுக்கு எடுக்கறோம், எந்த மாசம் திருப்புவோம்னு ரெண்டையும் சேர்த்து முடிவு பண்றோமா? ஆச்சி பண்ணியிருக்காங்க.

கடைசிப் பக்கத்துல ரெண்டே வரி இருந்துச்சு:

"பேங்க் பணம் சின்னவளுக்கு. அவ பள்ளிக்கூடம் போகல."

சின்னவள்னா எங்க சித்தி. சித்தப்பா இறந்த பிறகு ஆச்சி கூடவே இருந்தவங்க. கடைசி ஆறு வருஷம் ஆச்சியைக் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, ராத்திரி இருமினா எழுந்து வெந்நீர் வச்சுக் கொடுத்தது சித்திதான்.

அந்த வரியைப் படிச்சதும் யாரும் பேசல. சித்தி எழுந்து அடுப்படிக்குப் போயிட்டாங்க.

ஒரே ஆச்சி, ரெண்டு பாஸ்புக்

இப்போ பணக் கதைக்கு வர்றேன்.

போஸ்ட் ஆபீஸ்ல ஆச்சிக்கு ஒரு ஆர்டி இருந்துச்சு. மாசம் 500 ரூபாய், 2021-ல ஆரம்பிச்சது. அதுல நாமினியா சித்தி பேர் இருந்துச்சு. இறப்புச் சான்றிதழ், பாஸ்புக், க்ளைம் ஃபாரம், சித்தியோட ஆதார் கொடுத்தோம். ரெண்டு வாரத்துல வட்டியோட 22 ஆயிரத்துச் சொச்சம் சித்தி கணக்குக்கு வந்துடுச்சு.

பேங்க்ல இருந்தது ஒரு எஃப்டி. 2006-ல 58 வயசானதும் பி.எஃப். முடிச்சு வந்த 60 ஆயிரத்தை அப்படியே போட்டு வச்சிருக்காங்க. அதுக்கப்புறம் அதை ஒரு தடவை கூடத் தொடல. தானா ரென்யூ ஆகி ஆகி 18 வருஷத்துல 1 லட்சத்து 86 ஆயிரமா வளர்ந்திருந்துச்சு. கணக்குப் போட்டுப் பார்த்தேன், சராசரியா வருஷத்துக்கு 6.5 சதவீதம். கூட்டு வட்டின்னா என்னன்னு நான் போட்ட எல்லா வீடியோவையும் விட அந்தப் பாஸ்புக் நல்லா சொல்லுது.

ஆனா அதுல நாமினி தாத்தா. தாத்தா 2011-லயே இறந்துட்டாங்க. அதுக்கப்புறம் 13 வருஷம் யாருக்கும் அதை மாத்தணும்னு தோணல. ஆச்சிக்கும் தோணல, "ஃபைனான்ஸ் சேனல்" நடத்துற எனக்கும் தோணல.

நாமினி முன்னாடியே இறந்துட்டா, அந்தக் கணக்குல நாமினியே இல்லாத மாதிரிதான். அப்புறம் சட்டப்படியான வாரிசுகள்தான் வரணும். அதுக்கு எங்ககிட்ட தாசில்தார் கொடுக்கற வாரிசுச் சான்றிதழ் கேட்டாங்க. இ-சேவை மையத்துல விண்ணப்பம், விஏஓ விசாரணை, வருவாய் ஆய்வாளர், அப்புறம் தாசில்தார் ஆபீஸ். அதுக்கப்புறம் பேங்க்ல மூணு பேரோட கையெழுத்து, ஆதார், உறுதிமொழிப் பத்திரம். சித்தி அன்னன்னைக்கு பீடிக் கூலியை விட்டுட்டு பஸ் ஏறிப் போனாங்க. மொத்தம் நாலு மாசம்.

ஒரே ஆள் சேர்த்த பணம். ஒரு இடத்துல ரெண்டு வாரம், இன்னொரு இடத்துல நாலு மாசம். வித்தியாசம் ஃபாரத்துல ஒரே ஒரு வரி.

நோட்டுல எழுதினது செல்லுமா?

இதுதான் எங்க வீட்டுல பெரிய கேள்வியா ஆச்சு. சட்டப்படி செல்லாது.

உயில்னா, எழுதினவங்க கையெழுத்தோ கைநாட்டோ இருக்கணும். அதைப் பார்த்த ரெண்டு சாட்சிகளும் கையெழுத்துப் போட்டிருக்கணும். வெள்ளைத் தாள் போதும், முத்திரைத் தாள் தேவையில்ல. பதிவு பண்றதும் கட்டாயம் இல்ல, பண்ணா நல்லது. ஆச்சி நோட்டுல கையெழுத்தும் இல்ல, சாட்சியும் இல்ல.

உயில் இல்லாம ஒரு இந்துப் பெண் இறந்தா, இந்து வாரிசுரிமைச் சட்டம் 15-ஆம் பிரிவுப்படி அவங்க கணவருக்கும் மகன், மகள் எல்லாருக்கும் சம பங்கு. தாத்தா இல்ல. அதனால மூணு பேருக்கும் ஆளுக்கு 62 ஆயிரம்.

இங்க இன்னொரு விஷயத்தையும் தெளிவா சொல்லிடறேன். ஒருவேளை எஃப்டியில சித்தியே நாமினியா இருந்திருந்தா? பணம் சீக்கிரம் அவங்க கைக்கு வந்திருக்கும். ஆனா அது முழுசா அவங்களுக்கே சொந்தம்னு ஆகியிருக்காது. பேங்க் டெபாசிட்டைப் பொறுத்த வரைக்கும் நாமினிங்கிறவர் வாரிசுகள் சார்பா பணத்தை வாங்கிக்கிறவர்தான். ஷேர் விஷயத்துலயும் இதேதான்னு 2023 டிசம்பர்ல உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிடுச்சு. யார் கைக்கு முதல்ல போகணும்னு நாமினேஷன் சொல்லும். யாருக்குச் சொந்தம்னு உயில் சொல்லும். ரெண்டும் வேணும்.

அம்மா உடனே சொல்லிட்டாங்க, "எனக்கு வேண்டாம், சின்னவளுக்கே கொடுத்திருங்க." மாமா மட்டும் தயங்கினார். "யோசிச்சு சொல்லுதேன்"னு கிளம்பிட்டார்.

மாமாவை யாரும் தப்பா நினைக்காதீங்க. அவர் மகள் காலேஜ் படிக்கிறா, ஃபீஸ் கட்ட வேண்டிய நேரம். 62 ஆயிரம் அவருக்குச் சின்னத் தொகை இல்ல. சட்டமும் அவர் பக்கம்தான். ஆனா அந்த ஒரு வாரம் வீட்டுல ஃபோன் அடிச்சாலே எல்லாருக்கும் பயமா இருந்துச்சு. அம்மாவும் மாமாவும் பேசிக்கல. அவங்க 50 வருஷத்துக்கு மேல அக்கா தம்பி. சண்டையே வராத ரெண்டு பேரு.

அடுத்த ஞாயித்துக்கிழமை மாமா வந்தார். நோட்டைக் கேட்டு வாங்கி, திண்ணையில ஆச்சி உட்கார்ற இடத்துலயே உட்கார்ந்து படிச்சார். முதல்ல அவரோட பக்கம். 1988, பாலிடெக்னிக் ஃபீஸ், சங்கிலி வச்சது. ஹாஸ்டல். புத்தகம். டிராயிங் போர்டு. மூணு வருஷத்துக்கு வரிசையா இருந்துச்சு.

அப்புறம் சித்தியோட பக்கத்தைத் திருப்பினார். அந்தப் பக்கம் கிட்டத்தட்ட காலி. அதே 1988-ல ஒரு வரி: "எட்டாம் வகுப்போட நிப்பாட்டியாச்சு. பீடி கார்டு எடுத்தது."

மாமா ரொம்ப நேரம் அதையே பார்த்துட்டு இருந்தார். அவர் பாலிடெக்னிக் போன வருஷம்தான் தங்கச்சி சொளகு முன்னாடி உட்கார்ந்தாங்கன்னு அவருக்குத் தெரியாம இல்ல. ஆனா தெரியறது வேற, அம்மா கையெழுத்துல பார்க்கறது வேற. நோட்டை மூடி வச்சுட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"எங்க கையெழுத்துப் போடணும்?"

எங்க பங்கு வேண்டாம், தங்கச்சிக்கே கொடுங்கன்னு பேங்க்ல எழுதிக் கொடுக்கற ஃபாரம் இருக்கு. அம்மாவும் மாமாவும் போட்டாங்க. ஆச்சி எழுதின வரி சட்டப்படி செல்லல. எங்க வீட்டுல செல்லுச்சு.

பணம் வந்ததும் சித்தி அதை அப்படியே தன் பேர்ல எஃப்டி போட்டாங்க. நானும் கூடப் போயிருந்தேன். ஃபாரத்தை நிரப்பும்போது அவங்களே முதல்ல கேட்டாங்க, "நாமினி எங்கய்யா எழுதணும்?" மாமா மகள் பேரை எழுதச் சொன்னாங்க.

அன்னைக்கு ராத்திரி என் ஃபோன்ல

ஊர்ல இருந்து திரும்பி வர்ற பஸ்ல, என் இபிஎஃப் கணக்கைத் திறந்து நாமினேஷனைப் பார்த்தேன். 2016-ல சேர்ந்தப்போ அம்மா பேரைக் கொடுத்திருந்தேன். 2021-ல எனக்குக் கல்யாணம் ஆச்சு. கல்யாணத்துக்கு முன்னாடி கொடுத்த நாமினேஷன், இபிஎஃப் விதிப்படி கல்யாணத்தோட செல்லாமப் போயிடும். புதுசா கொடுக்கணும். நான் கொடுக்கவே இல்ல. மூணு வருஷமா என் பி.எஃப்-ல சரியான நாமினியே கிடையாது. ஆச்சியாவது மூணாம் வகுப்பு. நான் இதைப் பத்தி ஊருக்கே வீடியோ போடுறவன்.

அதனால இந்த வாரக் கடைசியில ஒரு மணி நேரம் ஒதுக்கி இதையெல்லாம் பண்ணிடுங்க:

1. இபிஎஃப்: யுஏஎன் போட்டு உறுப்பினர் போர்ட்டல்ல லாகின் பண்ணி இ-நாமினேஷன் பாருங்க. கல்யாணம் ஆகியிருந்தா கண்டிப்பா புதுசா போடுங்க. வேலையில இருக்கும்போது இறந்தா குடும்பத்துக்கு அதிகபட்சம் 7 லட்சம் வரை வர்ற இடிஎல்ஐ இன்ஷூரன்ஸும் இதோட சேர்ந்ததுதான். அதுக்கு நம்ம சம்பளத்துல பிடித்தம் கிடையாது.

2. பேங்க்: சேமிப்புக் கணக்கு, எஃப்டி ஒவ்வொண்ணுலயும் நாமினி யாருன்னு பாருங்க. 2025 நவம்பர் 1-ல இருந்து ஒரு டெபாசிட்டுக்கு 4 பேர் வரைக்கும் நாமினி வைக்கலாம். ஆளுக்கு இத்தனை சதவீதம்னு பிரிச்சும் கொடுக்கலாம், இவர் இல்லன்னா இவர்னு வரிசையாவும் கொடுக்கலாம். இந்த வசதி அன்னைக்கே இருந்து, தாத்தாவுக்கு அடுத்து சித்தி பேரையும் ஆச்சி எழுதியிருந்தா, தாசில்தார் ஆபீஸுக்கு அலைய வேண்டியிருந்திருக்காது.

3. வீட்டுப் பெரியவங்க கணக்கு: அம்மா, அப்பா, ஆச்சி, தாத்தா பாஸ்புக்கை எடுத்துப் பாருங்க. நாமினி உயிரோட இருக்காரான்னு பாருங்க. கேட்கவே கஷ்டமாத்தான் இருக்கும். "சொத்து விவரம் சொல்லுங்க"ன்னு ஆரம்பிக்காதீங்க. "என் கணக்குல உங்க பேரைப் போட்டிருக்கேன், இதோ பாருங்க"ன்னு முதல்ல உங்களோடதைக் காட்டுங்க. அவங்களே பெட்டியைத் திறப்பாங்க.

4. மறந்து போன பணம்: 10 வருஷம் யாரும் தொடாத டெபாசிட் ரிசர்வ் வங்கியோட ஒரு நிதிக்குப் போயிடும். போனாலும் உரிமை போகாது, அந்த பேங்க்லயே க்ளைம் பண்ணி வாங்கலாம். எந்த பேங்க்னே தெரியலன்னா, ரிசர்வ் வங்கியோட உத்கம் போர்ட்டல்ல பேர் போட்டுத் தேடலாம்.

5. பென்ஷன்: ஆச்சிக்கு மாசம் ஆயிரம் ரூபாய் பி.எஃப். பென்ஷன் வந்துச்சு. 2014-ல இருந்து குறைஞ்சபட்சம் அதுதான். பென்ஷன் வாங்கறவர் இறந்துட்டா உடனே தெரியப்படுத்துங்க. அதுக்கப்புறம் கணக்குல விழற தொகையை எடுக்காதீங்க, அதைத் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும்.

6. இறப்புப் பதிவு: 21 நாளைக்குள்ள பதிவு பண்ணிடுங்க. சான்றிதழ்ல பேரும் இனிஷியலும் பாஸ்புக்ல இருக்கற மாதிரியே இருக்கான்னு பாருங்க. ஒரு எழுத்து மாறினாலும் அலைச்சல்.

7. ஒரு நோட்டு: எந்த பேங்க், எந்த பாலிசி, யாருக்கு எவ்வளவு கடன், யார் நமக்குத் தரணும். பாஸ்வேர்டு எழுத வேண்டாம், இருக்குங்கிறதை எழுதினா போதும். அது எங்க இருக்குன்னு வீட்டுல ஒருத்தருக்காவது தெரியணும். யாருக்கு என்ன போகணும்னு முடிவு இருந்தா, ஆச்சி மாதிரி கடைசிப் பக்கத்துல நிறுத்திடாதீங்க. கையெழுத்தும் ரெண்டு சாட்சியும் சேர்த்து உயிலாவே எழுதிடுங்க.

கடைசியா

ஆச்சி யாருக்கும் அறிவுரை சொன்னதில்ல. மாசா மாசம் நான் ஃபோன் பண்ணா ரெண்டே கேள்விதான். "சாப்பிட்டியா?" அடுத்தது, "கையில எவ்வளவு நிக்குது?" நான் ஒரு தொகை சொல்லுவேன். சில மாசம் கூட்டியே சொல்லியிருக்கேன். "நல்லது, வச்சுக்கோ" அப்படின்னு ஃபோனை வச்சுருவாங்க.

அந்தக் கேள்வியை இப்ப யாரும் கேக்கறதில்ல. அதனால ஒவ்வொரு மாசமும் சம்பளம் வந்து, இஎம்ஐ எல்லாம் போன பிறகு, நானே ஒரு நோட்டுல எழுத ஆரம்பிச்சிருக்கேன். முதல் வரி அந்த மாசம் கையில நின்ன தொகை. உண்மையான தொகை, கூட்டிச் சொன்னது இல்ல.

சித்தி இன்னமும் பீடி சுத்துறாங்க. முன்ன மாதிரி ஆயிரம் முடியல. ஆச்சியோட சொளகு இப்ப அவங்க மடியில.

உங்க வீட்டுலயும் இப்படி ஒரு நோட்டோ, ஒரு தகரப் பெட்டியோ இருக்கா? கமெண்ட்ல எழுதுங்க, எல்லாத்தையும் படிப்பேன். இ-நாமினேஷன் எப்படி போடறதுன்னு ஸ்டெப் பை ஸ்டெப்பா நம்ம சேனல்ல வீடியோ போடறேன். அதுக்கு முன்னாடி, இன்னைக்கு ராத்திரி ஊருக்கு ஒரு ஃபோன் போடுங்க.